கவைவால் துள்ளும் உலகம்

ஈரமான பூந்தொட்டியை நகர்த்தும்போது ஓரிரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏதோ துள்ளி மறைந்தால், அது பெரும்பாலும் ஸ்பிரிங்டெயில்தான். ஆறு கால்கள் உண்டு. ஆனாலும் இன்றைய வகைப்பாட்டில் அது பூச்சி அல்ல. கடிக்காது. மக்கும் இலையையும் அதில் படரும் பூஞ்சையையும் தின்று வாழ்கிறது. 9,000 இனங்களுக்கு மேல் பதிவாகியுள்ளன.

இவற்றை இனம்காண விரும்புபவர் நிறத்தில் மயங்கக் கூடாது. பல இனங்களில் குஞ்சுகள் வெளிறியே இருக்கும். உடல்வாகுதான் முதலில். உருண்டு திரண்டிருந்தால் அநேகமாக சிம்ஃபிப்ளியோனா வரிசை. நீண்டிருந்தால் தலையை ஒட்டிய மார்புக் கண்டத்தைக் கவனிக்க வேண்டும்: மேலிருந்து தெளிவாகத் தெரிந்தால் போடுரோமார்ஃபா, ஒடுங்கி மறைந்திருந்தால் எண்டமோபிரியோமார்ஃபா. நான்காவதான நீலிப்ளியோனா கண்ணே இல்லாத மிகச் சிறிய உருண்டைகள்; வெறும் பார்வைக்கு அகப்படாது.

அடுத்தது கவைவால். வயிற்றுக்கடியில் மடங்கி, சிறு கொக்கியில் மாட்டியிருக்கும். கொக்கி விட்டதும் தரையை அறைந்து உடலைத் தூக்கி எறியும். டிசிர்டோமினா மைனூட்டா என்ற உருண்டை இனத்தை அதிவேகக் கேமராவில் பதிவுசெய்து 2024இல் வெளியான ஆய்வு, அது காற்றில் விநாடிக்கு 368 சுற்றுகள் வரை சுழல்வதாகக் காட்டியது. கண்ணிமைக்கும் நேரத்தில் காணாமல் போவதன் ரகசியம் இதுதான். ஆனால் நியானுரா மஸ்கோரம் போன்றவற்றுக்குக் கவைவாலே கிடையாது. அவை நிதானமாக நடக்கும்.

இனம் வரை போகத் துணிந்தவர்களுக்கு பிரிட்டனின் இலைச்சருகு நல்ல பள்ளிக்கூடம். அங்கே டிசிர்டோமினா ஆர்னேட்டாவின் பின்முதுகில் ஒரே அடர் திட்டு. அதன் உறவான சாண்டர்சியில் அந்தத் திட்டு பட்டைகளாக உடைந்திருக்கும். ஆர்கெசெல்லாவின் உணர்கொம்பில் ஆறு கணுக்கள், பெரும்பாலானவற்றில் நான்கே. முனை ஒடிந்த கொம்புகள் ஏராளம் என்பதால் இரு பக்கமும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், வெள்ளைத் தட்டு, ஈரத் தூரிகை போதும். வலை விரித்த புனலில் சருகை இட்டு மேலே விளக்கைப் பொருத்தினால், வெப்பத்துக்கும் வறட்சிக்கும் அஞ்சி அவை கீழே இறங்கும். இத்தாலியரான அந்தோனியோ பெர்லேசே 1905இல் வகுத்த புனல் முறையின் பிற்கால வடிவம் இது; அவர் விளக்குக்குப் பதில் வெந்நீரின் வெப்பத்தைப் பயன்படுத்தினார்.

உயிரோடு வைத்துப் பார்ப்பது இன்னும் சுவை. ஆய்வகங்களில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுடன் கரித்தூள் கலந்த ஈரத் தளத்தில் ஃபோல்சோமியா கேண்டிடாவை வளர்த்து, ஈஸ்ட் ஊட்டுகிறார்கள். வெண்ணிற உடல் கருந்தளத்தில் பளிச்சென்று தெரியும். ஆண் துணையின்றிப் பெண்களே முட்டையிட்டுப் பெருகுவதையும், முதிர்ந்த பிறகும் அவை தோலுரித்துக்கொண்டே இருப்பதையும் அங்கே நேரில் காணலாம்.