கடலை நோக்கிய பயணம்

சாவு அண்மையிலுள்ளதென்று அறிந்தவன் எஞ்சிய நாட்களில் யாது செய்வான்? பொப் டிலனின் 1973ஆம் ஆண்டுப் பாடலின் பெயரைத் தாங்கி, 1997இல் ஜேர்மனியில் வெளிவந்த ‘நொக்கின் ஒன் ஹெவன்ஸ் டோர்’ என்னுந் திரைப்படம் இவ்வினாவை எழுப்புகின்றது. தோமஸ் யான் நெறிப்படுத்திய இப்படத்தில், மூளைக்கட்டியுற்ற மார்ட்டினும் என்புப் புற்றுநோயுற்ற ரூடியும் வைத்தியசாலையில் ஒரே அறையிற் சந்திக்கின்றனர். ரூடி கடலைக் கண்டதேயில்லை. சுவர்க்கத்தோர் பேசுவது கடலைப் பற்றியே என்கின்றான் மார்ட்டின். மதுமயக்கத்தில் இருவரும் பிறர் காரொன்றைக் கவர்ந்து புறப்படுகின்றனர்.

அக்கார் கொள்ளைக் கூட்டத்தாருடையது. அதனுட் பத்து இலட்சம் மார்க் இருந்தது. இதன்பின் வருந் துப்பாக்கியும் துரத்தலும் மிகை. நகையை அடுத்து அழுகை நிற்பது தொல்காப்பியங் கற்றோர்க்குப் புதிதன்று. ஆயின் கூட்டத்தாரின் கோமாளித்தனம் நகையாகாது ஆரவாரமாகவே ஒழிகின்றது. சாகப்போகின்றவன் செய்யுங் களவு களவாகாதோ என்ற வினாவையும் படம் சிரித்தே கடந்துவிடுகின்றது. இது சிறு குறையன்று.

படத்தின் உயிர் வேறிடத்திலுள்ளது. எல்விஸ் பிறெஸ்லி தன் தாய்க்கு அளித்தது போன்ற காரைத் தன் தாய்க்கும் அளிக்க மார்ட்டின் விழைகின்றான். மகன் கடன் தீர்க்கும் அவதி அது. தொடக்கத்தில் அஞ்சி நடுங்கிய ரூடியோ, நண்பன் வலிப்புற்று வீழ்ந்தபோது மருந்து தேடி ஓடுகின்றான். அச்சம் அவனை விட்டகன்ற இடம் அதுவே.

கடற்கரைக் காட்சியில் நெறியாளர் சொல்லைச் சுருக்கிக்கொண்டார். மார்ட்டின் சாய்கின்றான். ரூடி அருகமர்ந்து அலைகளை நோக்கியிருக்கின்றான்.