ரேடான் வீட்டுச் சோதனை: சல்லடையா, தராசா?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பாயர்டவுன் வட்டாரத்து வீடு ஒன்றில் தொடங்கியது இந்த வரலாறு. 1984 டிசம்பரில், உற்பத்தி தொடங்காத லிமெரிக் அணுமின் நிலையத்தில், பொறியாளர் ஸ்டான்லி வாட்ராஸ் மீது கதிரியக்கம் இருப்பதைக் கண்காணிப்புக் கருவி காட்டியது. அது நிலையத்திலிருந்து வந்ததல்ல. அவர் வீட்டிலிருந்து வந்தது. அங்கே, மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானின் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 2,700 பிக்கோகியூரி. அதன்பின் உருவான வீட்டுச் சோதனை முறையை இன்று மதிப்பிட, அதன் கொள்கையையும் செயல்முறையையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

ஒவ்வொரு வீட்டையும் அளக்க வேண்டும் என்ற கொள்கை பழுதற்றது. ரேடானுக்கு மூலமான யுரேனியம் செறிந்த பாறை அடியில் இருப்பது ஆபத்தின் வாய்ப்பைச் சொல்லும். வீட்டின் அளவைச் சொல்லாது. மண்ணின் இளக்கம், தரையின் விரிசல், உள்ளழுத்தம் ஆகியவை வீட்டுக்கு வீடு மாறும். 1993-இல் வெளிவந்த மாவட்டவாரி ரேடான் வரைபடத்தைக் கொண்டு தனி வீட்டைத் தீர்மானிக்கக் கூடாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே அறிவுறுத்துகிறது. தன் கருவியின் எல்லையை இவ்வளவு தெளிவாக அறிவிப்பது அறிவியல் நேர்மை.

செயல்முறையின் முதற்குறை கால அளவு. ரேடானை ஈர்க்கும் கரி நிரப்பிய கலத்தை வைத்து அளக்கும் கரிக்கலச் சோதனை சில நாள்களில் முடிந்துவிடும். மலிவு, எளிமை, வேகம் ஆகியவை அதன் நிறைகள். ஆனால் நுரையீரல் சுமப்பது பல ஆண்டுகளின் சராசரியை. குளிர்காலத்தில் வெப்பமான உட்காற்று மேலெழ, கீழ்த்தளம் மண்ணின் வாயுவை இழுக்கும். ஆகவே பருவத்துக்குப் பருவம் அளவு மாறும். சன்னல்களை மூடிவைத்து அளக்கும் விதி வீடுகளை ஒப்பிட உதவுகிறது. குடியிருப்போரின் உண்மையான வாழ்நிலையைப் பிரதிபலிப்பதில்லை. மூன்று மாதம் முதல் ஓராண்டுவரை வைக்கப்படும் ஆல்பா தடக் கருவி இந்தக் குறையைப் பெரிதும் களைகிறது; ஆனால் வீடு கைமாறும் அவசரத்தில் அதற்கு இடமில்லை.

இரண்டாம் குறை, லிட்டருக்கு 4 பிக்கோகியூரி என்னும் முகமையின் செயல்வரம்பைப் பாதுகாப்பு வரம்பாகப் படிப்பது. அது கனமீட்டருக்கு 148 பெக்கரல். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் பரிந்துரைத்ததோ 100. ஐரோப்பிய ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வெளியான பகுப்பாய்வில், ஒவ்வொரு 100 பெக்கரல் உயர்வுக்கும் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 16 விழுக்காடு கூடியது. இதற்குக் கீழே ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் புலப்படவில்லை. அளவு 2 முதல் 4 பிக்கோகியூரி வரை இருந்தாலும் சீரமைப்பதைப் பரிசீலிக்கலாம் என்று முகமையே கூறுகிறது. ஆகவே பிழை வழிகாட்டியில் குறைவு, வாசிப்பில் மிகுதி.

பரிகாரத்தின் தரம் உயர்ந்தது. தரைக்கடியில் குழாய் பொருத்தி, மின்விசிறியால் வாயுவை உறிஞ்சிக் கூரைக்கு மேல் விடும் முறை நம்பத்தக்கது. வாட்ராஸ் வீட்டின் அளவே 4-க்குக் கீழே இறங்கியது. ஆயினும் சோதிப்பதும் சீரமைப்பதும் பெரும்பாலும் உரிமையாளரின் விருப்பம். வாடகைக்கு இருப்பவர் அளக்கலாம், தரையைத் துளைக்க முடியாது. தனிமனிதப் பொறுப்பை நம்பிய முறை, அதிகாரமற்றவரைக் கைவிடுகிறது.

தீர்ப்பு இது: குறுகிய காலச் சோதனை நல்ல சல்லடை, தராசு ஆகாது. மிக உயர்ந்த அளவு கண்டால் மறுசோதனையால் விரைந்து உறுதிசெய்து சீரமைக்கலாம். வரம்பை ஒட்டிய அளவுக்கு ஓராண்டுச் சோதனையே சான்று. சீரமைத்தபின் மீண்டும் அளக்காத வீட்டை முடிந்த பணியாகக் கொள்ளக் கூடாது. வாடகை வீடுகளில் அளப்பதையும் சீரமைப்பதையும் உரிமையாளரின் சட்டக் கடமையாக்காதவரை, ஒவ்வொரு வீட்டையும் அளக்க வேண்டும் என்ற சிறந்த கொள்கை பாதி நிறைவேறியதாகவே கருதப்படும்.