அர்ரபோன்: அச்சாரமா, அடையாளமா?

'அர்ரபோன்' என்னும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் மூன்று இடங்களிலேயே வருகிறது: 2 கொரிந்தியர் 1:22, 5:5, எபேசியர் 1:14. மூன்றிலும் அது தூய ஆவியாரையே குறிக்கின்றது. செமித்திய மொழியினின்று கிரேக்கத்திற் புகுந்த வணிகச் சொல் இது.

ஆதியாகமம் 38ஆம் அதிகாரத்தில் யூதா தாமாரிடம் விட்டுச் சென்ற முத்திரை, கோல் முதலியவற்றைப் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பு இச்சொல்லாற் குறிக்கிறது. அங்கே அதன் பொருள் அடைமானம். ஆட்டுக்குட்டி வந்ததும் திருப்பித் தரவேண்டியது. எகிப்தியப் பாப்பிரசு ஆவணங்களிலோ அது விலையின் ஒரு பகுதியாக முன்னரே செலுத்தும் பணம். திரும்பாது, முழு விலையோடு சேரும்.

பவுலடியார் கொண்டது இப்பிற்பொருளே. ரோமர் 8:23இல் அவர் ஆவியாரை முதற்பலன் என்கிறார். முதற்கதிரும் அறுவடையும் ஒரே தானியமன்றோ?

1989இல் வெளிவந்த புதிய திருத்திய ஆங்கிலத் திருப்புதல் இம்மூன்று இடங்களிலும் முதல் தவணை, உத்தரவாதம், ஈடு என மூன்று வெவ்வேறு சொற்களைக் கையாளுகிறது. பவர் ஐயர் குழுவினரின் தமிழ்த் திருப்புதலோ மூன்றிலும் 'அச்சாரம்' என்றே நிற்கிறது. கொடுக்கல் வாங்கலிற் பழகிய செட்டிநாட்டுச் சபையாருக்கு அதை விளக்கவும் வேண்டுவதில்லை. எளிமை கருதி அதை 'அடையாளம்' என மாற்றியுரைக்கும் பிரசங்கியார் பொருளை இழக்கின்றனர். அடையாளம் ஒன்றைச் சுட்டும். அச்சாரம் அதில் ஒரு பங்கையே கையில் தரும்.

எனினும் இவ்வுவமைக்கு எல்லையுண்டு. சந்தையில் அச்சாரம் கொடுப்பவன் வாங்குபவன். எபேசியரிலோ அச்சாரத்தைக் கொடுப்பவரே சுதந்தரத்தையும் கொடுப்பவர். விற்பதற்கு நம்மிடம் ஒன்றுமில்லை. ஆகவே இது பேரமன்று, அருள். காணிக்கையை முன்செலுத்தினால் ஆசீர்வாதம் பெருகும் எனும் போதனை, மனிதன் கடவுளுக்கு அச்சாரம் கொடுப்பதாக நிருபத்தைத் தலைகீழாக்குகிறது.

இச்சொல்லின் அருமை நோயாளியின் படுக்கையருகே விளங்கும். முழுவதும் வந்துவிட்டது என்போர் அவரது வேதனையை அவிசுவாசம் என்பர். இனிமேல்தான் எல்லாம் வரும் என்போர் அவரை வெறுங்கையராய் விடுவர். பவுலடியாரோ 2 கொரிந்தியர் 5ஆம் அதிகாரத்திற் பெருமூச்சையும் அச்சாரத்தையும் அடுத்தடுத்து வைக்கிறார். பெருமூச்சு விடுகிறவனே அச்சாரம் பெற்றவன். போதகர் அவனிடம் இரண்டையும் மறைக்காது கூறக் கடமைப்பட்டவர்.