கவிஞர் கேளாத கேள்வி

வழிபடுவோர் அருகிப்போய் வெறுமையாகிவிட்ட ஒரு வழிபாட்டுத் தலத்தை என்ன செய்வது? மேலைநாடுகளில் இன்று வீதிதோறும் எழுந்து நிற்கும் இக்கேள்வியை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே கவிதையாக்கியவர் ஃபிலிப் லார்கின் (1922 - 1985). அவருடைய 'சர்ச் கோயிங்' என்ற கவிதை 1955ஆம் ஆண்டு வெளிவந்த 'தி லெஸ் டிசீவ்ட்' என்னும் தொகுப்பில் இடம்பெற்றது. தலைப்பே இருபொருள் பட அமைந்தது. தேவாலயத்திற்குச் செல்லுதல் என்பது ஒன்று. தேவாலயமே நம்மைவிட்டுச் சென்றுகொண்டிருக்கிறது என்பது மற்றொன்று.

ஒன்பது அடிகள் கொண்ட ஏழு பத்திகளில் கவிதை நடக்கிறது. மிதிவண்டியில் வந்த ஒருவர், உள்ளே எவருமில்லை என்பதை உறுதி செய்துகொண்டு ஒரு சிற்றூர்த் தேவாலயத்துள் நுழைகிறார். அவருக்கு இறைநம்பிக்கை இல்லை. எனினும் ஏதோ ஒரு கூச்சத்தால் மரியாதை காட்டுகிறார். சற்றே கேலியும் செய்கிறார். வெளியே வந்தபின் அவரை ஓர் எண்ணம் பற்றிக்கொள்கிறது. இக்கட்டடங்கள் முற்றிலும் வழக்கொழிந்த பிறகு இவற்றை நாம் என்னவாக ஆக்குவோம்? சிலவற்றைக் காட்சிப் பொருளாக்கிக் காப்போமா? எஞ்சியவற்றை மழைக்கும் ஆடுகளுக்கும் விட்டுவிடுவோமா? மூடநம்பிக்கை கொண்டோர் இருளில் தேடி வருவார்களா? பழம்பொருள் விரும்பிகள் கடைசியாக வந்து போவார்களா? இவ்வாறு அடுக்கிக்கொண்டே போகிறார். இறுதியில் கேலி உதிர்ந்து குரல் கனக்கிறது. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் போற்றிய இடம் இது; ஆழ்ந்த வாழ்வை நாடும் பசி மனிதனுக்கு உள்ளவரை எவரேனும் இதைத் தேடி வரவே செய்வர் என்று முடிக்கிறார்.

இறைமறுப்பாளர் ஒருவர் இறை இல்லத்தின் வாசலில் நின்று இவ்வளவு நேர்மையோடு தம் தடுமாற்றத்தைக் கூறியிருப்பது போற்றத்தக்கது. நம்பிக்கையாளரை அவர் ஏளனம் செய்யவில்லை. தமக்கில்லாத நம்பிக்கையை இருப்பதாக நடிக்கவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் சிறந்த ஆங்கிலக் கவிதைகளுள் ஒன்றாக இதைத் திறனாய்வாளர் கொண்டாடுவதில் வியப்பில்லை.

ஆனால், கவிஞரின் பட்டியலை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அருங்காட்சியகம் உண்டு, இடிபாடு உண்டு, ஆடுகளும் உண்டு. வேறொரு சமுதாயம் அங்கே தொழ வரக்கூடும் என்ற எண்ணம் இல்லை. வீடற்ற ஒருவர் அங்கே குடியேறக்கூடும் என்ற எண்ணமும் இல்லை.

முதற்குறைக்கு விடை அன்றே இலண்டனில் கல்லும் சுண்ணாம்புமாக நின்றுகொண்டிருந்தது. பிரிக் லேன் வீதியில் ஒரு கட்டடம் இருக்கிறது. பிரான்சிலிருந்து மதக்கொடுமைக்கு அஞ்சி வந்த புராட்டஸ்டண்டு அகதிகளின் சமூகம் 1743இல் அதைத் தங்கள் தேவாலயமாகக் கட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது மெத்தடிஸ்டு கிறித்தவர்களின் ஆலயமாயிற்று. 1898இல் யூதர்களின் வழிபாட்டுக் கூடமாயிற்று. 1976இல் அங்குக் குடியேறிய வங்காள முஸ்லிம்களின் ஜாமிஆ மஸ்ஜிதாயிற்று. லார்கின் தம் கவிதையை வெளியிட்ட ஆண்டில், கிறித்தவர் விட்டுச்சென்ற அச்சுவர்களுக்குள் யூதர்கள் வழிபட்டுக்கொண்டிருந்தனர். கவிஞரின் கண் சிற்றூரை நோக்கியது. துறைமுகத்து வழியே வந்திறங்கிய ஏழைகளின் வீதியை நோக்கவில்லை.

'கவிஞரிடம் போய் வீட்டுவசதித் திட்டம் கேட்கலாமா?' என்று அன்பர்கள் வினவலாம். கேட்கக் கூடாதுதான். ஆனால் பட்டியலிட முற்பட்டவர் அவரே. ஒருவர் இடும் பட்டியல், அவர் கண்ணுக்கு எவர் தென்படுகின்றனர், எவர் தென்படவில்லை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். கவிதையில் வரும் 'நாம்' என்ற சொல்லுக்குள் தொழுகையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். கூரையை இழந்தவர்கள் இல்லை. வெறுமையான ஆலயத்தைக் கண்டு ஏங்கும் உரிமை, மாலையில் திரும்பிச் செல்ல ஒரு வீடு உள்ளவருக்கே எளிதில் வாய்க்கிறது.

கவிதைக்குப் பின் நிகழ்ந்தவற்றை நோக்குவோம். பயனற்றுப்போன ஆலயங்களை முறைப்படி மூடுவதற்கு இங்கிலாந்துத் திருச்சபை 1968இல் சட்டமியற்றியது. அதற்குப் பின் மூடப்பட்டவை ஏறத்தாழ 2000. அவற்றுள் 350க்கும் மேற்பட்டவற்றை ஓர் அறக்கட்டளை காட்சிக்குரியனவாகக் காத்துவருகிறது. கவிஞரின் ஊகம் அந்த அளவிற்குப் பலித்தது. எஞ்சியவற்றுட் சில இடிக்கப்பட்டன. சில பிற திருச்சபையாரிடம் சென்றன. சில வசதி படைத்தோரின் ஆடம்பர இல்லங்களாயின. வண்ணக் கண்ணாடிச் சாளரம் வரவேற்பறைக்கு அழகு சேர்க்கிறது என்று விளம்பரம் செய்து விற்கும் காலம் வந்தது.

அமெரிக்காவில் ஒரு சபையார் வேறுவழி கண்டனர். வாஷிங்டன் நகருக்கு எதிர்க்கரையில் வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டன் இருக்கிறது. அங்குக் கொலம்பியா பைக் என்னும் நெடுஞ்சாலையோரம் ஒரு பிரெஸ்பிட்டேரியன் தேவாலயம் இருந்தது. சபையினர் குறைந்துகொண்டே வந்தனர். சுற்றிலும் வாடகையோ ஏறிக்கொண்டே போயிற்று. சபையினர் தம் ஆலயத்தையும் மனையையும் இலாபநோக்கற்ற வீட்டுவசதி நிறுவனம் ஒன்றுக்கு விற்றனர். ஆலயம் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் எளிய வருவாயினருக்கான 173 வீடுகள் கொண்ட 'கில்லியம் பிளேஸ்' 2019இல் திறக்கப்பட்டது. அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் ஓர் இடத்தை வாடகைக்குப் பெற்றுச் சபையார் வழிபாட்டைத் தொடர்ந்தனர். உரிமையாளராக இருந்தவர்கள் குடிக்கூலியினராயினர். மேலே குடும்பங்கள், கீழே பிரார்த்தனை.

இத்தகைய முயற்சிகளுக்கு எதிர்ப்பும் உண்டு. அதே ஆர்லிங்டனில் கிளாரெண்டன் பகுதியில், ஒரு பாப்டிஸ்டு தேவாலயத்தின் மனையில் 116 குடியிருப்புகள் எழுந்தன. அவற்றுள் 70 எளியவர்க்குரியவை. பொதுப்பணம் மதத்திற்குத் துணைபோகிறது என்று தொடுக்கப்பட்ட வழக்கை 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. 2012இல் கட்டடம் நிறைவுற்றது. பொதுவாக, இத்தகைய திட்டம் வரும் வீதிகளிலெல்லாம் அக்கம்பக்கத்தார் கூறுவன இவை: போக்குவரத்து நெரிசல் பெருகும், வண்டி நிறுத்த இடமிராது, வீதியின் தோற்றம் கெடும். இவற்றுள் உண்மை அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆயினும் ஞாயிறன்று ஒருமுறைகூட ஆலயத்துள் காலடி வைக்காதவர், அதை இடிக்கப்போகும்போது மட்டும் அதன் புனிதத்தைப் பேசுவாராயின், அவர் காக்க விழைவது ஆலயத்தையா, தம் மனையின் விலையையா என்று ஐயுற இடமுண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், மத நிறுவனங்கள் தம் நிலத்தில் எளியவர்க்கு வீடு கட்டுவதை எளிதாக்கும் சட்டத்தை 2023இல் இயற்றி, 2024 தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்ததற்கு, இத்தகைய தடைகளும் ஒரு காரணமாகும்.

எதிர்ப்பாளரைப் போலவே ஆதரவாளரையும் சோதித்துப் பார்க்க வேண்டும். 'கட்டுப்படியாகும் வீடு' என்ற சொல் இன்று பல வாய்களில் புழங்குகிறது. யாருக்குக் கட்டுப்படியாகும்? இங்கிலாந்தில் 2011 முதல், சந்தை வாடகையில் 80 விழுக்காடு வரை வாங்கப்படும் வாடகைக்கும் அப்பெயரே வழங்குகிறது. இலண்டன் போன்ற நகரில் சந்தை வாடகை விண்ணைத் தொடும்போது, அதில் ஐந்தில் நான்கு பங்கு கூலித்தொழிலாளிக்கு எவ்வாறு எட்டும்? ஆட்கள் வெளியேறிய பின்பும் பெயர்ப்பலகை தொங்கும் ஆலயத்தைப் போல, பொருள் வெளியேறிய பின்பும் இச்சொல் நின்றுகொண்டிருக்கிறது. இறைவன் பெயரால் பெற்ற நிலத்தை இப்பெயரை மட்டும் ஒட்டி விற்பது, இறந்தவரின் கொடையை இருமுறை விற்பதாகும்.

இவ்விடத்தில் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். பிறர் ஆலயத்தை வீடாக்கு என்று சொல்வது எளிது. நம் பள்ளிவாசலைப் பற்றி அவ்வாறு சொல்வோமா? ஷாஃபிஈ மத்ஹபின்படி பள்ளிவாசலாக வக்ஃபு செய்யப்பட்ட இடம், இடிந்து பாழானாலும் விற்பனைக்குரியதன்று. ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூ யூசுஃப் அவர்கள் அது என்றென்றும் பள்ளிவாசலே என்றார்கள். இமாம் முஹம்மது அவர்கள் பயனற்றுப்போனால் கொடுத்தவரிடமோ அவர் வாரிசுகளிடமோ அது மீளும் என்றார்கள். ஹன்பலி அறிஞர்களோ பயன் நின்றுவிட்ட பள்ளியை விற்று, அப்பணத்தை அதே நோக்கத்திற்குச் செலவிடலாம் என்பர். கூஃபா நகரின் பள்ளிவாசலை இடம் மாற்றுமாறு கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பணித்ததாக வரும் செய்தியை அவர்கள் சான்று காட்டுவர். கருத்துகள் வேறுபடினும் நம் இமாம்கள் அனைவரின் கண்ணும் ஒன்றையே நாடிற்று: கொடுத்தவரின் நோக்கம் வீணாகக் கூடாது. கிறித்தவ ஆலயத்திற்கு நம் சட்டத்தைப் பொருத்த நாம் முனையவில்லை. அது அச்சபையார் தீர்மானிக்க வேண்டியது. ஆனால் அந்த அளவுகோல் எல்லார்க்கும் பொதுவானது.

நம் வரலாற்றில் மற்றொரு காட்சியும் உண்டு. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலையொட்டி, கூரை வேய்ந்த ஒரு திண்ணை இருந்தது. வீடும் உறவும் விட்டு வந்த ஏழைத் தோழர்கள் அங்கே தங்கினர். திண்ணைத் தோழர்கள் என்றே அவர்கள் பெயர் பெற்றனர். அபூ ஹுரைரா (ரலி) அவர்களும் அவர்களுள் ஒருவர். தொழுகை வற்றிப்போன பிறகு ஏழைக்கு விடப்பட்ட இடமன்று அது. தொழுகை செழித்திருந்த நாளிலேயே வீடற்றவருக்குப் பங்கு தந்த இடம். ஆர்லிங்டன் சபையார் இறுதியில் செய்ததை மதீனா தொடக்கத்திலேயே செய்தது.

இதை மனத்திற்கொண்டு கவிதையின் முடிவுக்குத் திரும்புவோம். பிறப்பையும் திருமணத்தையும் இறப்பையும் ஒன்றாகத் தாங்கியதால் ஆலயம் மதிப்புக்குரியது என்றார் லார்கின். உண்மை. ஆனால் அம்மூன்றையும் தாங்கும் வேறோர் இடம் உண்டே! குழந்தை கொண்டுவரப்படுவதும், மணமகள் விடைபெறுவதும், ஜனாஸா புறப்படுவதும் வீட்டிலிருந்துதான். ஆதலால், ஓர் ஏழைக் குடும்பத்தின் வீடு கவிஞர் மதித்த அந்த மாண்பிற்கு இழுக்கன்று. அதன் நேரடி வாரிசு. நூற்று எழுபத்து மூன்று கதவுகளுக்குப் பின்னே அந்த மூன்று நிகழ்ச்சிகளும் மீண்டும் நடைபெறும்.

ஆலயம் இனி என்னவாகும் என்று கவிஞர் கேட்டார். அதன் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டிருந்தால், அவர் கவிதை இன்னும் ஒரு பத்தி நீண்டிருக்கும்.