சதுப்புநிலத்துச் சாட்சிகள்

குறைந்த பணத்தில், குறைந்த நாட்களில் எடுக்கப்பட்ட அமெரிக்கப் பூதப்படங்களைக் கலை விமர்சனத்திற்கு உரியவையாக எவரும் கருதுவதில்லை. சேற்று நீரிலிருந்து பேருருவம் ஒன்று எழும், ஊரார் ஓடுவர், இறுதியில் வெடிமருந்து வெற்றி பெறும். இவ்வளவுதான் என்று ஒதுக்கிவிடுவது எளிது. நாமும் நெடுங்காலம் அவ்வாறே ஒதுக்கியிருந்தோம். சென்ற விடுமுறையில் நம் இல்லத்து இளைஞர்கள் கணினியைச் சூழ்ந்தமர்ந்து ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தனர். சிரிப்பின் காரணம் அறிய நாமும் ஓரமாக அமர்ந்தோம். படத்தின் நடுவில் ஓரிடத்தில் அச்சிரிப்பு தானாக நின்றது. அது நின்றதற்கான காரணத்தை ஆராய்வது பயனுடையது எனத் தோன்றியது.

அப்படம் 'அட்டாக் ஆஃப் தி ஜயண்ட் லீச்சஸ்'. 1959இல் வெளிவந்தது, இயக்கியவர் பெர்னார்ட் கோவால்ஸ்கி. மலிவுப் படங்களின் மன்னராக அறியப்பட்டு 2024இல் மறைந்த ரோஜர் கார்மனும் அவருடைய இளவல் ஜீன் கார்மனும் தயாரித்தனர். சுமார் 70,000 டாலர் செலவு, 8 நாள் படப்பிடிப்பு, 62 நிமிட ஓட்டம். கதை நிகழ்வது ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில். படமெடுத்ததோ கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்துத் தாவரப் பூங்கா ஒன்றில். இராட்சத அட்டைகளாக வருவோர் கறுப்புறை போர்த்த மனிதர்கள். நீரில் மூழ்குவதற்காக அவர்கள் முதுகில் கட்டிய காற்றுக்கலத்தின் புடைப்பு உறைக்கு மேலாகவே தெரிகிறது. இளைஞர்கள் சிரித்ததில் வியப்பில்லை.

இவ்விடத்தில் நமக்கு ஒரு பழைய நூல் நினைவுக்கு வருகிறது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸகரிய்யா அல்கஸ்வீனி, 'அஜாயிபுல் மக்லூகாத்' என்னும் தம் நூலின் முன்னுரையில், வியப்பு என்பது ஒரு பொருளின் காரணத்தை அறிய இயலாமையால் மனிதனுக்கு நேரும் திகைப்பு எனும் கருத்தை விளக்குகிறார். அதற்கு அவர் காட்டும் சான்று கடற்பூதமன்று. தேனீ கட்டும் அறுகோணக் கூடு. கருவி ஏதுமின்றி அச்சிற்றுயிர் இவ்வளவு நேர்த்தியை எங்ஙனம் பெற்றது என்பதே அவர் வினா. உருவப் பெருமையினால் மட்டும் வியப்புப் பிறப்பதில்லை என்பது இதனால் போதரும்.

கார்மன் சகோதரர்கள் இதனை உணரவில்லை. அட்டை உண்மையில் வியப்புக்குரிய உயிர். கடிபடுவோன் பெரும்பாலும் அதனை உணர்வதேயில்லை. குருதி உறையாதிருக்க ஒரு பொருளையும் அது செலுத்துகிறது. இப்னு ஸீனா தம் 'அல்கானூன்' நூலில் அட்டைவிடும் சிகிச்சையைப் பற்றியும், எவ்வகை அட்டைகளைத் தவிர்க்கவேண்டும் என்பது பற்றியும் எழுதியிருக்கிறார். அட்டையின் அச்சம் அதன் சிறுமையிலும் ஓசையின்மையிலும் உள்ளது. அதனை ஆளுயரத்திற்குப் பெருக்கியவுடன் அச்சம் போய் உறைதான் எஞ்சுகிறது.

ஆயினும் இப்படம் முற்றும் வீணன்று. பூதத்திற்குப் பணம் போதாமையால், இயக்குநர் நெடுநேரம் மனிதரையே காட்ட வேண்டியதாயிற்று. அவ்வறுமையே படத்தின் நல்வாய்ப்பு.

தொடக்கத்தில் கள்ளவேட்டைக்காரன் ஒருவன் நீரில் எதையோ கண்டு சுடுகிறான். ஊர்க் கடையில் வந்து அதைக் கூறுகிறான். கூடியிருப்போர் நகைக்கின்றனர். அவன் குடிப்பவன், சட்டத்தை மீறுபவன். அவன் சொல்லை யார் ஏற்பர்? பின்னர் அவன் இறந்துபடுகிறான். அக்கடையின் உரிமையாளன் டேவ், பருத்த உடலும் தளர்ந்த மனமும் கொண்டவன். புரூனோ விசோட்டா அப்பாத்திரத்தை ஏற்றிருக்கிறார். அவன் மனைவி லிஸ்ஸாக நடித்தவர் இவெட் விக்கர்ஸ். அவள் வேறொருவனுடன் கூடியிருப்பதைக் கண்ட டேவ், துப்பாக்கி முனையில் இருவரையும் சதுப்பிற்குள் துரத்துகிறான். கொல்ல வேண்டுமென்பது அவன் எண்ணமன்று. அச்சுறுத்தி அவமானப்படுத்தினால் போதும். அவர்கள் நீரில் நின்று மன்றாடுகின்றனர். அப்போது அட்டைகள் வந்து இருவரையும் பற்றி இழுக்கின்றன. டேவ் கதறுகிறான். சற்றுமுன் தான் நீருக்குள் விரட்டிய மனைவியையே இப்போது காப்பாற்ற இயலாமல் கரையில் நிற்கிறான்.

அவன் நடந்ததை நடந்தவாறே சொல்கிறான். கொலைக்குற்றம் சாட்டிச் சிறையிலடைக்கின்றனர். சிறையில் அவன் தூக்கிட்டு மாள்கிறான். நம் இளைஞர்களின் சிரிப்பு நின்றது இவ்விடத்தில்தான்.

செய்தியை அறிவிப்பவனின் நம்பகத்தை எடைபோடுவது நம் துறையில் ஒரு தனிக்கலை. பொய்யன் என்று பெயரெடுத்தவனின் செய்தியை ஒதுக்குவது அதன் நெறி. அந்நெறியில் பயின்ற நமக்கு இப்படம் எதிர்பாராத இடத்தில் ஓர் இடர்ப்பாட்டைத் தந்தது. இங்கே உண்மை இருமுறை உரைக்கப்படுகிறது. இருமுறையும் உரைப்பவன் நம்பத்தகாதவன். ஒருவன் கள்ளவேட்டைக்காரன், மற்றவன் கொலைசெய்யக் காரணம் உடையவன். ஊர்க்காவல் தலைவர் அவனை நம்பாதது நியாயமே, நாமாயினும் நம்பியிருக்கமாட்டோம். எல்லோரும் நியாயமாகவே நடந்துகொள்ள, ஓர் உயிர் போகிறது. இத்துயரத்தை எழுதிய லியோ கார்டனுக்குத் தாம் எழுதியதன் பெறுமதி தெரிந்திருந்ததா என்பது ஐயமே. ஏனெனில் அடுத்த காட்சிகளில் படம் டேவை மறந்துவிடுகிறது. தன்னை நம்பாதவர்களுள் ஒருவரேனும் பின்னர் அவனுக்காக ஒரு சொல் வருந்துவதில்லை. அட்டைகள் மெய்யென்று நிறுவப்பட்ட பின்னும் அவன் பெயர் மீட்கப்படவில்லை. படத்தின் பெருங்குறை உறையின் தையல் அன்று, இதுவே.

மற்றொரு குறையும் உண்டு. கதைநாயகன் வனவிலங்குக் காப்பாளன். நீருக்குள் வெடி வைத்தால் ஏனைய உயிர்களும் மாளும் என்று அவன் மறுக்கிறான். 1947இல்தான் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது என்பதை நினைத்தால், இம்மறுப்பு அக்காலத்துக்குரிய மெய்யான ஒரு வழக்கு. படம் அதை வாதிடவிடுவதில்லை. மருத்துவர் அவனைக் கேளாமல் வெடி வைக்கிறார், பிணங்கள் மிதக்கின்றன, வழக்கு தீர்ந்தது. அட்டைகள் பெருத்ததற்குக் கேப் கனவரல் ஏவுதளத்தின் கதிர்வீச்சு காரணமாகலாம் என்றும் அதே மருத்துவர் ஊகிக்கிறார். 1958இல் அங்கிருந்துதான் அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. நாளிதழ்த் தலைப்பைக் கதையில் ஒட்டிவைத்தனர். ஊகித்தவர் பின்னர் அதைப் பற்றி மூச்சும் விடுவதில்லை.

இதே சதுப்பு இனத்தில், சாட்சிகளை மதித்த படம் ஒன்றுண்டு. சார்லஸ் பியர்ஸ் 1972இல் எடுத்த 'தி லெஜண்ட் ஆஃப் போகி கிரீக்'. ஆர்க்கன்ஸா மாநிலத்து ஃபௌக் என்னும் சிற்றூரில், ஆற்றோரச் சதுப்பில் மயிரடர்ந்த பேருருவம் ஒன்று உலவுவதாக மக்கள் கூறிவந்தனர். பியர்ஸ் அவ்வூர் மக்களையே கேமராவின் முன் நிறுத்தினார். பலர் தம் அனுபவத்தைத் தாமே நடித்துக் காட்டினர். சிறுவயதில் அதன் ஓலத்தைக் கேட்டு அஞ்சியோடிய ஒருவன் வளர்ந்தபின் நினைவுகூர்வதாகப் படம் தொடங்குகிறது. பூதத்தை நாம் தெளிவாகக் காண்பதேயில்லை. கிளைகளுக்கிடையே ஒரு நிழல், அவ்வளவே. நம்மை மிகவும் கவர்ந்தது வேறொன்று. நீரோடைக்கரையில் தனித்து வாழும் முதியவர் ஒருவர், இத்தனை காலமாக இங்கிருக்கிறேன், அப்படி எதையும் கண்டதில்லை என்கிறார். தம் படத்தின் அடிப்படையையே மறுக்கும் அச்சாட்சியையும் பியர்ஸ் வெட்டாமல் வைத்திருக்கிறார். படம் தேர்ந்த படைப்பன்று. இடையில் வரும் பாடல்கள் பொறுமையைச் சோதிப்பவை. எனினும் அவ்வூராரை எள்ளி நகையாடும் நோக்கு அதில் மிகக் குறைவு. கார்மன் படத்தின் சதுப்பு மக்களோ குடிகாரராகவும் ஒழுக்கங்கெட்டவராகவும் காட்டப்பட்டு, அட்டைகளுக்கு இரையாவதற்கென்றே வந்து போகின்றனர்.

(யூனிவர்சல் நிறுவனத்தின் 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' 1954இலேயே வந்ததாயிற்றே என்று வாசகர் கேட்கலாம். அதன் நீர்க்காட்சிகள் அழகியவை. அப்பூதத்தை வடிவமைத்த மிலிசென்ட் பேட்ரிக் என்னும் பெண்மணிக்கு உரிய பெயர் நெடுங்காலம் மறுக்கப்பட்டதும் தனியே எழுதத்தக்கது. ஆனால் அது பெருநிறுவனத்தின் பொருள்வளத்தில் பிறந்தது. நாம் பேசும் எளிய இனத்தைச் சார்ந்ததன்று.)

எவர்கிளேட்ஸுக்கு மெய்யாகவே பேருயிர் ஒன்று வந்து சேர்ந்த செய்தியையும் இங்கே சொல்லவேண்டும். செல்லப்பிராணி வணிகத்தின் வழியே வந்த பர்மிய மலைப்பாம்பு அது. அப்பகுதியில் 1979இலேயே ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதன்பின் கண்ணில் பட்டவை எல்லாம், யாரோ வளர்த்து விட்டுவிட்ட தனித்தனிப் பாம்புகள் என்றே கொள்ளப்பட்டன. அவை அங்கேயே பெருகி வாழ்கின்றன என்று 2000இல்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2012இல் வெளியான ஆய்வொன்று, பாம்பு நெடுங்காலம் நிலைபெற்ற தென்பகுதிகளில் ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டதாகக் கூறியது. இவ்வுயிருக்குக் கதிர்வீச்சு தேவைப்படவில்லை. கடையில் விலைகொடுத்து வாங்கி, வளர்த்தபின் வேண்டாமென்று விடுவோரே போதுமாயினர். 2013 முதல் அதனைப் பிடிப்போருக்குப் பரிசளிக்கும் போட்டிகளும் அங்கே நடந்துள்ளன.

1959இன் படம் முடிகையில் சதுப்பு மீண்டும் வெடிக்கிறது. காப்பாளனும் அவன் தோழரும் வேலை முடிந்ததென்று திரும்புகின்றனர். நீருக்கடியிலிருந்து அந்த உறிஞ்சும் ஓசை இன்னொரு முறை கேட்கிறது. கேட்பதற்குக் கரையில் ஒருவருமில்லை.