ஆய்வுத்திட்ட முன்மொழிவும் நன்னூற் பாயிரமும்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறைகள், முனைவர்பட்ட மாணவர்க்கு ஆய்வு முறையியலை உள்ளடக்கிய பாடப்பணியைக் கட்டாயமாக்கின. அதனைத் தமிழ்த்துறைகளில் நடத்துவோர், நிதி வேண்டி எழுதும் ஆய்வுத்திட்ட முன்மொழிவுக்கு நன்னூலின் சிறப்புப்பாயிர இலக்கணத்தை முன்மாதிரியாகக் காட்டுவதுண்டு. எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியன இரண்டிற்கும் பொது என்பது உண்மையே. எனினும் இவ்வொப்பீடு மேலோட்டமானது. பாயிரம் முடிந்த நூலுக்கு உரியது. முன்மொழிவோ இன்னும் எழுதப்படாத நூலுக்கு உரியது. மேலும், சிறப்புப்பாயிரம் செய்வோர் நூலாசிரியனின் ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோரே. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்கிறார் பவணந்தியார்.

நம் மாணவர் தம் ஆய்வின் தேவையைச் சொல்லத் தயங்கி, தமிழின் தொன்மையைப் பக்கம் பக்கமாக எழுதுவதற்கு இக்கூச்சமும் ஒரு காரணம் எனலாம். (இக்கட்டுரையாளரின் முதல் முன்மொழிவும் அவ்வாறே அமைந்து, திரும்பி வந்தது.) ஆனால் அடுத்த நூற்பாவே விலக்குகளைத் தருகிறது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வெல்லவேண்டிய பொழுதும், பிறர் தன்னைப் பழித்தபோதும் தற்புகழ்ச்சி தகும். நிதிக்குழுவுக்கு எழுதுதல் முதலிரண்டிலும் அடங்கும். முறையியல் வகுப்பில் முதலில் வைக்கத்தக்கது இந்நூற்பாவே. அங்கு ஆற்றலைக் கூறுதல் என்பது அடைமொழிகளை அடுக்குதல் அன்று. எச்சுவடிகளைப் பார்த்திருக்கிறார், எத்தனை மாதத்தில் எதனை முடிப்பார் என எழுதுதல்.