‘ஆம்’ என்னும் வாசற்படி: மாயக்கதை நகரத்திற்குள் வரும்போது

மாயக்கதை மாந்தரும் அவர்தம் மந்திரமும் கதையுலகை விட்டு இன்றைய ஊருக்குள் புகுவதாகப் புனைவது அண்மைக் காலச் சிறுவர் இலக்கியத்தில் பெருவழக்காகியுள்ளது. அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் பக்லி 2005 முதல் 2012 வரை ஒன்பது நூல்களாக எழுதிய ‘தி சிஸ்டர்ஸ் கிரிம்’ வரிசை இதற்குத் தக்க சான்று. பெற்றோர் காணாமற்போன நிலையில் சப்ரினா, டாஃப்னி என்னும் சகோதரியர் இருவர் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் தம் பாட்டியிடம் வந்து சேர்கின்றனர். தாம் கிரிம் சகோதரர் வழிவந்தவர் என்பதையும், அவ்வூரார் பலர் பழங்கதைகளிலிருந்து வந்து குடியேறியவர் என்பதையும் அங்கே அறிகின்றனர். அம்மாந்தர் வெளியேற இயலாதவாறு மந்திர அரண் ஒன்று ஊரைச் சூழ்ந்துள்ளது.

இவ்வரணே ஈண்டு நம் கவனத்திற்குரியது. ஆங்கிலப் புனைவு மாயத்திற்கும் நடப்புலகிற்கும் இடைப்பட்ட எல்லையை நிலத்தின்மேல் வரைகிறது. தமிழும் கன்னடமும் அதனை வினைமுற்றின் ஈற்றில் வைத்துள்ளன. இதனைக் கருத்திற் கொள்ளாத மொழிபெயர்ப்பு சொற்களைச் சரியாகத் தந்தபோதிலும் கதையை யார் சொல்கிறார், யார் பொறுப்பேற்கிறார் என்பதை மாற்றிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

பிறர்கூற்று ‘ஆம்’

‘வந்தாள்’ என்பதற்கும் ‘வந்தாளாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழர்க்கு விளக்க வேண்டாதது. எனினும் அதனை ஐயப்பொருள் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. ‘வந்தாளாம்’ என்பவர் வந்ததை மறுப்பதுமில்லை, உறுதி கூறுவதுமில்லை. தாம் கண்டதன்று, கேட்டது என்று மட்டும் உணர்த்துகிறார். தாமஸ் லேமன் 1989இல் வெளியிட்ட இக்காலத் தமிழிலக்கண நூலில் இது ஒட்டிடைச் சொற்களுள் ஒன்றாக இடம்பெறுகிறது. செய்தியின் சான்று எங்கிருந்து வந்தது என்பதை இலக்கண வடிவே காட்டும் இயல்பை ரோமன் யாக்கப்சன் பல்கேரிய வினையை முன்வைத்து 1957இல் தனிக் கூறாகப் பிரித்துக் காட்டினார். திராவிட மொழிகளிலோ இது அன்றாடப் பேச்சின் பகுதி. கன்னடத்தில் ‘அந்தெ’, தெலுங்கில் ‘அட’, மலையாளத்தில் ‘அத்ரே’ என இவை ஏறத்தாழ ஒரே பணியைச் செய்கின்றன.

தமிழ் ‘ஆம்’ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. ‘நான் டீச்சராம், நீ பையனாம்’ என்று குழந்தைகள் விளையாட்டைத் தொடங்குவர். ‘நீ சமர்த்தாச் சாப்பிடுவியாம், நாம கடைக்குப் போவோமாம்’ என்று தாய் குழந்தையை இணங்கவைப்பாள். இவ்விடங்களில் கேட்ட செய்தி என்று எதுவுமில்லை. இல்லாத ஓர் உலகை நிறுவி அதனுள் இருவரையும் அழைத்துச் செல்வதே ‘ஆம்’ செய்யும் வேலை. ‘ஓர் ஊர்லே ஒரு பாட்டி இருந்தாளாம்’ என்னும் கதைத்தொடக்கம் செய்திக்கும் விளையாட்டிற்கும் பொதுவான இடத்தில் நிற்கிறது. துருக்கியக் கதைகளின் மரபுத்தொடக்கமும் இத்தகையதே. ஒன்று இருந்ததாம், ஒன்று இல்லையாம் என அம்மொழியின் கேள்விவழி விகுதியைக் கொண்டே அது தொடங்கும்.

அக்கா, நாத்தனார், மரம்

ஏ.கே. ராமானுஜன் (1929–1993) கன்னடப் பெண்களிடையே வழங்கிய கதையொன்றை ‘பூக்கும் மரம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் தந்தார். அதனைத் தலைப்பாகக் கொண்ட தொகுப்பு அவர் மறைவிற்குப் பின் 1997இல் வெளிவந்தது. ஏழைத் தாயொருத்திக்கு இரு பெண்கள். இளையவள் மரமாக மாற வல்லவள். மூத்தவள் ஒரு குடம் நீரை அவள்மேல் ஊற்றினால் மரமாவாள். பூப்பறித்தபின் மற்றொரு குடம் ஊற்றினால் மீண்டும் பெண்ணாவாள். பூ அரண்மனைக்குச் செல்கிறது. அரசகுமாரன் அவளை மணக்கிறான். நாத்தனார் அவளைத் தோழியரிடையே அழைத்துச் சென்று மரமாக்கிக் கிளைகளை ஒடித்து அப்படியே விட்டுவிடுகிறாள். கைகாலற்ற உடலாக அவள் வேறோர் ஊரை அடைகிறாள். துறவிபோல் அலைந்த கணவன் அங்கு வந்து அவளை அடையாளங்கண்டு, ஒடிந்தவற்றைப் பொருத்தி நீரூற்றி மீட்கிறான்.

இதனை ஆங்கிலத்தின்வழித் தமிழாக்க முனைவோர்க்கு முதற்சிக்கல் உறவுப்பெயர். நீரூற்றும் மூத்தவளும் கிளையொடிக்கும் கணவன் தங்கையும் ஆங்கிலத்தில் ‘சிஸ்டர்’, ‘சிஸ்டர் இன் லா’ என ஒரு சொல்லின் இரு வடிவங்களாக நிற்பர். அதனால் ஆங்கில வாசகர் ஒரு சகோதரி காப்பதையும் ஒரு சகோதரி அழிப்பதையும் நேர்முரணாகக் காண இயலும். தமிழில் அக்காவும் நாத்தனாரும் சொல்லளவில் தொடர்பற்றவர். கன்னடத்து ‘அக்க’, ‘நாதினி’யும் அவ்வாறே. மூலத்தில் இல்லாத அம்முரணைத் தமிழில் உண்டாக்க வேண்டியதில்லை. அதே ‘சிஸ்டர் இன் லா’ அண்ணி, நாத்தனார், கொழுந்தியாள், ஓரகத்தி ஆகிய அனைவருக்கும் உரியதாதலின், கதையை முழுதும் படியாமல் வரிக்கு வரி பெயர்ப்பவர் வழுக்கி விழும் இடமும் இதுவே.

இரண்டாவது சிக்கல் பெரிது. ஆங்கிலப் பாடம் எளிய இறந்தகாலத்தில் நடக்கிறது; ஆங்கிலத்தில் அதுவே கதைமரபாதலின் ராமானுஜனைக் குறைகூற இயலாது. அவ்விறந்தகாலத்தை ‘இருந்தாள், ஊற்றினாள், மரமானாள்’ என அப்படியே தமிழில் வைப்பவர் வாய்மொழிக்கதையை எழுத்துச் சிறுகதையாக்கிவிடுகிறார். பல பெண்களின் வாய்வழி வந்த கதை பெயரற்ற ஆசிரியர் ஒருவரின் உறுதிக்கூற்றாகிவிடுகிறது. இதற்கு அஞ்சி எல்லா வினைமுற்றிலும் ‘ஆம்’ ஒட்டுவோரும் உளர். இது முன்னதினும் கேடு என்பேன். ‘ஊற்றினாளாம், ஆனாளாம், பறித்தாளாம், போனாளாம்’ என்னும் அடுக்கு கேலிப்பொருள் தரும். கதைசொல்லும் பாட்டிமார் எவரும் அவ்வாறு சொல்வதில்லை.

அவர்கள் சொல்லும் முறையைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்ளலாம்: ‘ஒரு பாட்டிக்கு ரெண்டு பொண்ணாம். ரொம்ப ஏழையாம். ஒருநாள் சின்னவ சொன்னாளாம். அக்கா குடத்தை எடுத்தா. ஊத்தினா. மரமாயிட்டா.’ வாசலில் மும்முறை வரும் ‘ஆம்’ மாயம் நிகழுமிடத்தில் நீங்கிவிடுகிறது. எங்கே நம்புதல் கடினமோ அங்கே சொல்பவர் நேர்கண்டவராகிறார். நிகழ்ச்சி முடிந்து காட்சி மாறும்போது ‘அந்த ஊர் ராஜாவுக்கு ஒரு பையனாம்’ என ‘ஆம்’ மீளும். எனவே ‘ஆம்’ வருமிடங்களை மட்டுமன்றி அது மறையுமிடங்களையும் மொழிபெயர்ப்பாளர் திட்டமிட வேண்டும்.

இக்கதையைக் கிரீஷ் கர்னாட் 1992இல் ‘செலுவி’ என்னும் இந்தித் திரைப்படமாக்கினார். திரைப்படிமம் ‘ஆம்’ சொல்ல அறியாது, காட்டியதெல்லாம் நிகழ்ந்ததாகிவிடும். ராமானுஜனிடம் கேட்ட இரு கதைகளைக்கொண்டு அவர் முன்னரே எழுதிய ‘நாகமண்டல’ (1988) நாடகத்தில் இச்சிக்கலை நுட்பமாகத் தீர்த்திருந்தார். இரவு முழுதும் விழித்திராவிடில் இறக்க நேரும் நாடகாசிரியன் ஒருவன், பாழடைந்த கோயில், அங்கே கூடி வீட்டுக்கதை பேசும் விளக்குச் சுடர்கள், பெண்ணுருவில் வரும் கதை என்னும் முகப்பு முழுவதும் அரங்கின் ‘அந்தெ’ எனலாம். நாடகத்தின் முகப்பு திரைப்படத்தின் அழகினும் வலியது என்பது என் மதிப்பீடு.

அடுகோடியில் ஒரு வதந்தி

நகரத்திற்குள் மாயம் நுழைந்ததற்கு எழுதப்பட்ட புனைவைத்தான் நாட வேண்டுமென்பதில்லை. 1990களில் பெங்களூரிலும் கர்நாடகத்தின் பிற ஊர்களிலும் வீட்டுக்கதவுகளிலும் சுவர்களிலும் ‘நாளெ பா’ (நாளை வா) என்று எழுதிவைக்கும் வழக்கம் பரவியது. இரவில் பேயுருவினள் ஒருத்தி வந்து, தெரிந்தவர் குரலில் அழைத்துக் கதவைத் தட்டுவாள், திறந்தால் மரணம், எழுத்தைப் படித்தால் திரும்பிவிட்டு மறுநாள் வருவாள் என்பது செய்தி. மறுநாளும் அதே எழுத்து. ‘நாளை’ என்பது பேசும் காலத்தைச் சார்ந்து பொருள் மாறும் சுட்டுச்சொல். எழுதி வைத்துவிட்டால் அந்நாள் வருவதேயில்லை. கடைகளில் தொங்கும் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ பலகையும் இவ்விலக்கணத்தைக் கொண்டே பிழைக்கிறது. 2018இல் வந்த ‘ஸ்திரீ’ என்னும் இந்திப்படம் இச்செய்தியைச் சந்தேரி நகருக்குக் கொண்டுசென்று ‘கல் ஆனா’ என மாற்றியது. இந்தியில் ‘கல்’ நேற்றையும் நாளையையும் குறிக்கும்; ஏவல்வினை உடன் நிற்பதாலேயே அப்பேய் குழம்பாமல் திரும்புகிறது.

அடுகோடியை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஓசூர் சாலையை ஒட்டி, மைக்கோ தொழிற்சாலையின் அருகே அமைந்த பகுதி. தொழிற்சாலையின் பெயர் 2008இல் பாஷ் என்று மாறியபின்னும் ‘மைக்கோ’ என்னும் பெயர் பேச்சில் எளிதில் மறையவில்லை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் தக்கினி உருதும் அருகருகே ஒலிக்கும் இத்தகைய தெருவில் வதந்தியொன்று எங்ஙனம் மொழிமாறும்? ‘கதவெத் தட்றாளாம்’ என்பது ‘பாகிலு தட்டுத்தாளந்தெ’ ஆகும். தெலுங்கில் ‘அட’ சேரும். இந்தோ-ஆரிய மொழியாயினும் தக்கினியிலும் ‘கதே’ என்னும் ஒட்டு இதே பணியைச் செய்கிறது. அண்டை மொழிகளோடு நெடுங்காலம் பழகியதன் பயன் அது. நான்கு மொழிகளிலும் செய்தி தன் பொறுப்பின்மை சிறிதும் குன்றாமல் கடந்துசெல்லும். ஆங்கில நாளிதழுக்குப் போகும்போதுதான் ‘மக்கள் நம்புகின்றனர்’ என்றாகிறது. எவரும் நம்புவதாகச் சொல்லவில்லை. கேட்டதாகத்தான் சொன்னார்கள். நம்பாதவரும் எழுதிவைத்திருக்கலாம், ‘ஆம்’ அதற்கு இடமளிக்கிறது.

பக்லியின் நூல்கள் போன்றவற்றைத் தமிழாக்குவோர்க்கு இது நேரடிப் பயனுடையது. சப்ரினா நம்பத் தயங்குகிறாள். டாஃப்னி உடனே நம்பிவிடுகிறாள். பாட்டி சொன்னதைத் தங்கை திருப்பிச் சொல்லும்போது ‘ஆம்’ இன்றியும், அக்காள் சொல்லும்போது ‘ஆம்’ சேர்த்தும் அமைத்தால், ஆங்கிலம் பல தொடர்களில் காட்டும் வேறுபாட்டைத் தமிழ் ஓரசையில் காட்டும். அக்காள் பேச்சில் ‘ஆம்’ உதிரும் நாள் எது என்று வாசகர் காத்திருப்பர். மந்திர அரணை மொழிபெயர்ப்பதினும் இது முதன்மையானது.

இறுதியாக ஒன்று. ‘பூக்கும் மர’த்தில் மாயம் முதன்முதலாக வெளிப்படுவது கதைசொல்லியின் கூற்றிலன்று, தங்கை அக்காளுக்குச் சொல்லும் செய்முறையில். நான் மரமாவேன், நீ நீரை ஊற்று, இலை நோகாமல் பறி என்னும் பொருள்பட அவள் பேசுகிறாள். ‘ஊற்று’, ‘பறி’ என்னும் நேர் ஏவலில் ‘ஆம்’ ஒட்டாது. ‘ஊற்றுவியாம்’ என்றால் அது குழந்தையைக் கெஞ்சும் பேச்சாகிவிடும். ‘மரமானேனாம்’ என்று அவள் தன்னைப் பற்றிச் சொன்னால், தானே நம்பாத பிறர் கூற்றாகிவிடும். ஊராருக்கும் பாட்டிக்கும் நமக்கும் அது கேட்ட செய்தி. அவ்விரு பெண்களுக்கு மட்டும் அது குடத்து நீர், கூட்டிய தரை, பறித்த பூ. இவ்வுரையாடலைத் தமிழாக்குபவர் அதில் ஓர் ‘ஆம்’கூடப் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு முந்திய வரியில் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.